கொழும்பில் கேட்ட தோடி

நாளங்காடி, அல்லங்காடி என அங்காடி இருவகைப்படும் என்று மாணாக்கருக்கு முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருகின்றேன். பகலிற் கூடுவது ஒன்று. இரவிற் கூடுவது மற்றொன்று. மதுரைக்காஞ்சியும் சிலப்பதிகாரமும் அவற்றின் வளத்தை விரித்துப் பேசுகின்றன. பொன்னும் மணியும் துகிலும் கூலமும் அங்கே குவிந்து கிடக்கும். ஆனால், ஒருவர் ஆண்டு அனுபவித்துக் கைவிட்ட பொருளை மற்றொருவர் தேடிச் சென்று வாங்கும் அங்காடி ஒன்றைப் பற்றி அந்நூல்களில் நான் படித்ததில்லை. அத்தகைய மூன்றாவது அங்காடி கொழும்பிலே உண்டு. அதனைக் காண்பதற்கு எனக்கு ஐம்பது வயது கடக்க வேண்டியிருந்தது.

எங்கள் ஊரிலே கொழும்புக்குப் போதல் என்றால் காரியத்துக்குப் போதல் என்பதே பொருள். கந்தோர்க் காரியம், கடவுச்சீட்டுக் காரியம், பெரிய வைத்தியரைக் காணும் காரியம், வெளிநாடு செல்லும் பிள்ளையை விமானத்தில் ஏற்றிவிடும் காரியம். காரியம் முடிந்தால் அன்றிரவே வண்டி ஏறிவிடுவோம். கொழும்பைப் பார்ப்பதற்காகக் கொழும்புக்குப் போனவர் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இலர். நானும் அப்படித்தான் போனேன். உயர்தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் பணி, இரண்டு கிழமை, தங்குமிடம் வெள்ளவத்தையிலே மைத்துனர் வீடு. பின்னேரம் நான்கு மணிக்குமேல் எனக்கு வேலை இல்லை. வேலை இல்லாத பண்டிதன் எதையாவது தேடத் தொடங்குவான். நான் தேடியது ஓர் இசைத்தட்டு.

அந்தத் தட்டின் கதையை முதலிற் சொல்லிவிட வேண்டும்.

என் தகப்பனாரிடம் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. கைபிடியைச் சுழற்றி முறுக்கேற்றும் பழைய பெட்டி. அதனோடு பதினொரு தட்டுகள். அவற்றுள் ஒன்று திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளையின் தோடி. அந்த வித்துவான் 1956இல் மறைந்தவர். அவரை நேரிற் கேட்ட பாக்கியம் என் தகப்பனாருக்கு உண்டோ இல்லையோ, கேட்டவர் போலவே பேசுவார். நான் சிறுவனாயிருந்த காலத்தில் வானொலிப் பெட்டியும் ஒலிநாடாவும் வந்துவிட்டன. கிராமபோன் பரணில் ஏறிவிட்டது.

அது கீழே இறங்கியது 1990இல். அப்பொழுது குடாநாட்டிலே மின்சாரம் இல்லை. மின்கலம் வாங்குவதும் அரிது. இளைஞர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்சாரத்தினால் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. தகப்பனார் பரணிலிருந்து தம் பெட்டியை இறக்கித் துடைத்து வைத்தார். அதற்கு மின்சாரமும் வேண்டா, மின்கலமும் வேண்டா. ஊசிதான் இல்லை. இரண்டு மூன்று நாள் யோசித்தார். பின்பு வேலியோரத்து நாரத்தையில் முற்றிய முள் ஒன்றை முறித்துச் சீவி ஊசியிருந்த இடத்திற் செருகினார். ஒலி சற்று மெலிந்து வந்தது; ஆயினும் இனிமையாக வந்தது. குப்பி விளக்கின் முன்னே அம்மாவும் தங்கையும் நானும் இருந்து கேட்டோம். அயலவரும் வருவர். விமானச் சத்தம் கேட்டால் தட்டை நிறுத்திவிட்டுப் பதுங்குகுழிக்கு ஓடுவோம். திரும்பி வந்தபின் விட்ட இடத்திலிருந்து போடுவது தகப்பனாருக்கு உடன்பாடன்று. ‘ஆலாபனையை நடுவில துவக்கப்படாது’ என்று சொல்லி முதலிலிருந்தே போடுவார்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தது. நாங்களும் நடந்தோம். என் சைக்கிளிலே நான் புத்தகங்களைக் கட்டினேன். தொல்காப்பியமும் சேனாவரையமும் சிலம்பும் குறுந்தொகையும் ஏறின. பெட்டியை என்ன செய்வது என்று கேட்டேன். ‘உடையிற சாமான், விடு. வந்து எடுப்பம்’ என்றார் தகப்பனார். அவர் பார்த்தது என் முகத்தையல்ல, சைக்கிளில் இருந்த புத்தகக் கட்டை. 1996இல் திரும்பி வந்தபோது வீட்டிற் சுவர் இருந்தது. பெட்டியும் இல்லை, தட்டுகளும் இல்லை. அதன்பின் இறக்கும்வரை அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தொல்காப்பியம் இன்னொரு பிரதி வாங்கக்கூடியது என்பது எனக்கு அன்றிரவு தோன்றவில்லை.

இனிக் கடைக்கு வருவோம். டீ. ஆர். விஜயவர்தன மாவத்தையிலே பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருப்பதைப் பலர் அறிவர். புத்தகம் பார்க்கப் போனவனை ஒரு கடைக்காரர் மருதானைப் பக்கம் அனுப்பினார். அங்கே ஒரு முடுக்கில், தையல் இயந்திரங்களுக்கும் சுவர்க் கடிகாரங்களுக்கும் இடையில், முதியவர் ஒருவர் முக்காலியில் இருந்தார். இஸ்லாமியர், எழுபது வயதுக்குமேல் இருக்கும்.

“நாதஸ்வரத் தட்டு ஏதும் இருக்கோ, நானா?” என்று கேட்டேன்.

“நாயனமா? பாக்கணும் மாஸ்டர். அஞ்சாறு பெட்டி அடியில கெடக்கு. மேல உள்ளத நீங்களே தேடிக்கிங்க.”

நான் ஆசிரியன் என்று அவருக்கு யார் சொன்னது? என் கையிற் சிவப்பு மையின் கறை இருந்தது.

இசைத்தட்டு என்னும் பொருளைப் பற்றி ஈண்டு ஒரு வார்த்தை. பழைய தட்டு அரக்கினாற் செய்வது. மரக்கிளையிலே சிறு பூச்சி சுரந்து வைக்கும் பிசினே அரக்கு. அதனோடு கல்லின் மாவும் கரியும் சேர்த்து, சூட்டில் இளக்கி, அச்சில் அழுத்தி எடுப்பர். கல்மாவைச் சேர்ப்பது ஒரு தந்திரம். தட்டின் கீற்று மிக நுண்ணியது. உருக்கு ஊசியை அதன் வடிவத்துக்கு அராவிக் கொள்வதற்காகவே கல்மாவு. ஆகவே ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. பக்கம் முடிந்ததும் அதனை எறிந்துவிட்டு வேறு ஊசி போடல் வேண்டும். தட்டு ஒரு நிமிடத்துக்கு 78 தரம் சுழலும். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் பாடும். துரியோதனன் பாண்டவருக்குக் கட்டிய மாளிகையும் அரக்கினாலானதே. எரியும், இளகும், விழுந்தால் உடையும். இரவெல்லாம் ஒரே இராகத்தை வாசிக்க வல்ல ஒரு வித்துவானை அத்தகைய பொருளிலே, மூன்று நிமிடத்துள் அடக்கிவிட்டார்கள். இதனை நினைக்கும்போது, பெரிய பொருளைச் சிறிய அடியில் வைத்த குறுந்தொகைப் புலவர்களே என் நினைவுக்கு வருகின்றார்கள்.

நானாவின் மேற்பெட்டிகளில் நாதஸ்வரம் இல்லை. இருந்தவை பெரும்பாலும் சிங்களப் பாட்டுகள். என் சிங்களம் பஸ்ஸில் இறங்குவதற்குப் போதுமானது, பாட்டுக்குப் போதாது. ஆயினும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயரைப் படித்தேன். படிக்கப் படிக்க வியப்பாயிற்று.

மொஹிதீன் பேக் என்ற பெயர் பல தட்டுகளில் இருந்தது. நானா அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் நிறுத்துவதில்லை. சேலத்திற் பிறந்து இலங்கைக்கு வந்த இஸ்லாமியர் அவர். சிங்களத்திற் பௌத்த பக்திப் பாடல்களைப் பாடிப் புகழ் பெற்றார். வெசாக் காலத்தில் அவர் குரலைக் கேளாமல் ஒரு வீதியைக் கடத்தல் அரிது. மற்றொரு தட்டில் ருக்மணி தேவி. சிங்களத் திரையின் முதற் பெருநாயகி. இயற்பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ் என்பது. கொழும்புச் செட்டி மரபினர். வேறு சில தட்டுகளில் இசையமைத்தவர் பெயர் ஆர். முத்துசாமி. அவர் தமிழ்நாட்டிலிருந்து வந்து சிங்களப் படங்கள் பலவற்றுக்கு இசை அமைத்தவர். ஒரு மரப்பெட்டியிலே, ஒன்றன்மேல் ஒன்றாக, தூசியோடு இவர்கள் அடுக்குண்டு கிடந்தார்கள். இந்த நாட்டின் வரலாற்றை எழுதுவோர் இப்பெட்டியை ஒருமுறை கிளறிப் பார்த்தல் நலம் என்று எனக்குத் தோன்றியது. கிளறினால் கை அழுக்காகும். அதுவே தடை போலும்.

ருக்மணி தேவியின் தட்டைக் கையில் வைத்திருந்தபோது நானா ஒரு செய்தி சொன்னார். சிங்களத்தின் முதற் பேசும்படம் ‘கடவுணு பொரொந்துவ’. 1947ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கொட்டாஞ்சேனையிலே கிங்ஸ்லி மாளிகையிற் முதன்முதற் காட்டப்பட்டது. அதில் நாயகி அவரே. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். இவ்வளவும் எனக்குப் பெரிய வியப்பன்று. படம் பிடித்த இடம் எது என்று கேட்டேன். மதுரைப் பக்கம் ஒரு மலையடிவாரம் என்றார். அன்றிரவு மைத்துனர் வீட்டிலே விசாரித்து உறுதி செய்துகொண்டேன். அது திருப்பரங்குன்றம், அங்கிருந்த சித்ரகலா மூவிடோன் என்னும் படப்பிடிப்பு நிலையம்.

தமிழ் படித்தவனுக்குத் திருப்பரங்குன்றம் என்றவுடன் பரிபாடல் நினைவுக்கு வரும். அக்குன்றத்திலே சித்திரம் தீட்டிய மண்டபம் ஒன்று இருந்ததாகப் பரிபாடல் கூறும். வழிபட வந்தோர் அச்சித்திரங்களைச் சுட்டி, இவர் யார், அவர் யார் என ஒருவரையொருவர் வினவுவர். இரதியும் காமனும் இன்னார் என்பர். பூனையுருக் கொண்டு ஓடும் இந்திரனையும் அகலிகையையும் கௌதமனையும் காட்டி விளக்குவர். நிழற்சித்திரம் பேசிய சிங்கள மொழிக்கும் அந்தக் குன்றமே தொட்டிலாயிற்று என்பதை எந்த ஆராய்ச்சியாளரும் எனக்குச் சொல்லவில்லை. மருதானை முடுக்கிலே பழைய சாமான் விற்பவர் சொன்னார்.

“அடிப்பெட்டிய நான் தனியா இறக்கேலாது மாஸ்டர். வெள்ளிக்கிழம பின்னேரம் வாங்க, ஜும்ஆவுக்குப் பொறகு பொடியன் வருவான்” என்றார் நானா.

வெள்ளிக்கு ஐந்து நாள் இருந்தது. அந்த ஐந்து பின்னேரங்களையும் ஒரு சனிக்கிழமையையும் கொழும்பைப் பார்ப்பதிற் செலவிட்டேன்; சனிக்கிழமையின் கதை வேறு, அதனை இங்கே விடுகின்றேன்.

தேசிய நூதனசாலைக்கு முதலிற் போனேன். ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில் எழுந்து, 1877ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி திறக்கப்பட்ட கட்டிடம். கட்டியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார். திறப்பு நாளிலே, உமக்கு என்ன பரிசு வேண்டும் என்று ஆளுநர் கேட்க, வெள்ளிக்கிழமைகளிற் கதவைச் சாத்தி வைத்தாற் போதும் என அவர் வேண்டினார் என்று சொல்லுவர். எனக்கு நானாவின் வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது.

உள்ளே பொலன்னறுவைச் சிவாலயங்களில் அகழ்ந்தெடுத்த வெண்கலப் படிமங்கள் உள. 1907, 1908ஆம் ஆண்டுகளில் மண்ணுள்ளிருந்து வெளிவந்தவை. நடராசர், சுந்தரர், தாளம் ஏந்தி இருக்கும் காரைக்காலம்மையார். இப்படிமங்களை உலகம் அறியச் செய்த நூலை 1914இல் எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. 1877இல், அதாவது நூதனசாலை திறந்த அதே ஆண்டில், கொழும்பிற் பிறந்தவர். அருகிலுள்ள வீதி இப்பொழுது அவர் பெயரால் வழங்குகின்றது. காரைக்காலம்மையாரின் முன்னே நான் நெடுநேரம் நின்றேன். எலும்பும் நரம்புமான உருவம். முகத்திலோ, பாட்டைக் கேட்டுக்கொண்டிருப்பவரின் மலர்ச்சி. நுண்கலை பற்றிப் பல பிரசங்கம் செய்திருக்கின்றேன். அம்மலர்ச்சியை ஒரு பிரசங்கத்திலும் நான் சொல்லிவிடவில்லை.

அங்கேயே காலி மும்மொழிக் கல்வெட்டும் இருக்கின்றது. சீனம், தமிழ், பாரசீகம். 1409ஆம் ஆண்டுத் திகதி பொறித்தது; சீனக் கடற்றளபதி செங் ஹோ கொண்டுவந்து நிறுவியது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றிக் காணிக்கை கூறும். தேனாவரை என்பது தேவேந்திரமுனை. இக்கல்லை 1911இல் காலி நகரத்திலே ஒரு மதகின் மூடுகல்லாகக் கண்டெடுத்தார்கள். மூன்று மொழி எழுதிய கல் வண்டிச் சக்கரத்தின் கீழே எத்தனை காலம் கிடந்ததோ! பழைய பொருள் உயிர் பிழைப்பது பெரும்பாலும் மறுபயனால் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? ஆலயத்துக்கு உதவாமற் போயினும் மதகுக்கு உதவியது, ஆகவே பிழைத்தது.

ஓவியத்துக்கு வருகின்றேன். இத்துறையில் நான் கற்றுக்குட்டி என்பதை முன்னரே சொல்லிவிடுகின்றேன். பொரளையிலே கோதமி விகாரை உண்டு. அதன் சுவர்களிலே ஜோர்ஜ் கீற் என்பவர் 1939, 1940ஆம் ஆண்டுகளிற் புத்தர் சரிதத்தை எழுதியிருக்கின்றார். கண்டியிற் பிறந்த பறங்கியர் அவர். 1901 முதல் 1993 வரை வாழ்ந்தவர். கீதகோவிந்தத்தை ஆங்கிலத்திற் பெயர்த்துத் தாமே சித்திரமும் எழுதியவர். விகாரையில் நான் நின்றபோது பள்ளிப் பிள்ளைகள் சிலர் சுவரைச் சுட்டிச் சுட்டித் தம் ஆசிரியையை வினவிக்கொண்டிருந்தனர். பரங்குன்றத்துச் சித்திர மண்டபத்துக் காட்சி அப்படியே பொரளையில் நடந்தது. சுவரிலுள்ள பெண்டிரின் நீண்ட கண்ணையும் வளைந்த தோளையும் பார்த்தபோது, இவர்களை முன்பு எங்கோ கண்டிருக்கின்றேன் என்ற எண்ணம் எழுந்தது. கண்டதில்லை; படித்திருக்கின்றேன். அகப்பாட்டிலே தோழி பேசும்போது வாய்திறவாமல் அருகே நிற்கும் தலைவி இவள்தான்.

கீற் முதலிய ஓவியர் சிலர் 1943இல் ஒன்றுகூடி அவ்வாண்டின் பெயராலேயே ‘நாற்பத்து மூன்று குழு’ என ஒரு குழுவை அமைத்தனர். ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், துறவு நீங்கிய பின்னும் விகாரைச் சுவரோவியங்களைப் படியெடுப்பதில் வாழ்நாளைச் செலவிட்ட மஞ்சுசிறி ஆகியோர் அதிற் சேர்ந்தவர்கள். அவர்களைச் சேர்த்து வைத்தவர் லயனல் வென்ட். பியானோ வாசிப்பார், நிழற்படம் எடுப்பார், 1934இல் வந்த ‘சோங் ஒவ் சிலோன்’ என்னும் ஆவணப்படத்திற் பின்னணிக் குரல் அவருடையதே. குழு அமைந்த மறு ஆண்டே இறந்துபோனார். அவர் வீடு இருந்த இடத்திலே அவர் பெயர் தாங்கிய நாடக அரங்கு 1953இல் எழுந்தது. ஹரி பீரிஸ் தம் வீட்டையும் தாம் சேர்த்த ஓவியங்களையும் நாட்டுக்கென விட்டார். பான்ஸ் பிளேஸிலுள்ள அவ்வீட்டைச் சபுமல் மன்றம் பேணிவருகின்றது. தாழ்ந்த ஓட்டுக் கூரை, சிறு சிறு அறைகள், சுவர் நிறைய ஓவியங்கள். எங்கள் ஊர் நாற்சார் வீட்டினுள் நுழைந்தது போன்ற ஓர் ஆறுதல். காவலர் ஒருவரும் நானும் மட்டுமே இருந்தோம்.

அவ்வீட்டுச் சுவர்களிலே ஒரு தமிழ்ப் பெயரைத் தேடினேன், என் கண்ணிற் படவில்லை. மனம் சற்றே கசந்தது. பின்பு என்னையே கேட்டுக்கொண்டேன்: யாழ்ப்பாணத்திலே எங்கள் சங்கங்களில், சித்திரம் எழுதுவோனை எந்த நாற்காலியில் இருத்தினோம்? விழாவுக்குப் பந்தலும் பதாகையும் எழுதுவித்து அனுப்பிவிட்டோம். இப்பொழுது நிலைமை வேறு. நண்பர் ஒருவர் வீட்டிலே தா. சனாதனன் உருவாக்கிய நூல் ஒன்றைப் பார்த்தேன். 2011இல் வெளிவந்தது, பெயரிலே தோம்பு என்னும் சொல் உண்டு. பறங்கியரும் ஒல்லாந்தரும் நிலத்தைப் பதிந்துவைத்த ஏட்டுக்குத் தோம்பு என்று பெயர். இடம்பெயர்ந்த மக்கள் தாங்கள் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்து கீறிக் கொடுக்க, அவற்றையே அந்நூலிற் கோத்திருக்கின்றார். இங்கே கிணறு, இங்கே மாமரம், இங்கே சுவாமி அறை. நூலை மூடிவிட்டு விடைத்தாட் கட்டைத் திறந்தேன். வேலை ஓடவில்லை. ஒரு வெற்றுத்தாளை எடுத்து எங்கள் வீட்டைக் கீறினேன். அறை, விறாந்தை, பதுங்குகுழி எல்லாம் வந்தன. கிராமபோன் எந்தச் சுவரோரம் இருந்தது என்பதில் மட்டும் ஐயம் வந்துவிட்டது.

2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை நூதனசாலையிலே விளக்கக் குறிப்புகள் மூன்று மொழியிலும் இருக்கின்றன. தமிழ்க் குறிப்பைத் திருத்துபவனின் கண்ணோடு படித்தேன். படித்து முடிந்தபின்பே படத்தைப் பார்க்க மறந்தது தெரிந்தது. அதற்கு என் தொழிலைத்தான் நோகவேண்டும். கொழும்பு வீதிகளிலே ஒற்று மிகுந்தும் குறைந்தும் தலைகீழாகியும் நிற்கும் பெயர்ப்பலகைகளைப் பார்த்துப் பார்த்து, பிழையில்லாத தமிழைக் கண்டால் நம்பமுடியாத நிலை வந்துவிட்டது.

திரைப்படத்தின் கதையே மிகத் துயரமானது. இலங்கையிலே தமிழர் எடுத்த படங்கள் பல உண்டு என்பதை என் மாணாக்கர் நம்புவதில்லை. 1962இல் ‘சமுதாயம்’, 1963இல் ‘தோட்டக்காரி’, 1966இல் ‘கடமையின் எல்லை’, 1972இல் கட்டிடக்கலைஞர் வீ. எஸ். துரைராஜா தயாரித்த ‘குத்துவிளக்கு’, 1978இல் செங்கை ஆழியானின் நாவலிலிருந்து பிறந்த ‘வாடைக்காற்று’. தம்பிஐயா தேவதாஸ் இவற்றின் வரலாற்றைத் தேடித் தொகுத்து ஒரு நூலாக எழுதியிருக்கின்றார். நூல் இருக்கின்றது, படங்களைக் காண்பதுதான் அரிது. ஹெந்தளையிலே கே. குணரத்தினம் நிறுவியிருந்த விஜயா படப்பிடிப்பு நிலையம் 1983 ஜூலையில் எரிக்கப்பட்டபோது, அங்கிருந்த படங்களின் மூலச்சுருள்களும் எரிந்தன. அவற்றுட் சிங்களப் படங்களும் இருந்தன. நெருப்புக்கு மொழி தெரியாது. மூட்டியவருக்கு அது தெரியவில்லை.

நான் பார்க்கக் கிடைத்தது ‘பொன்மணி’ ஒன்றே. மைத்துனரின் மகன் எங்கிருந்தோ ஒரு பிரதியைத் தேடிக் கணினியிற் போட்டுக் காட்டினான். 1977இற் செய்த படம். காவலூர் இராசதுரையின் கதை. நெறிப்படுத்தியவர் தர்மசேன பத்திராஜா. சிங்களவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராயிருந்தவர், 2018இல் மறைந்தார். சீதனமும் சாதியும் ஒரு வீட்டுப் பெண்களின் வாழ்வை எவ்வாறு நெரிக்கின்றன என்பதே பொருள். பாட்டும் கூத்தும் குறைவு. நடை மெதுவானது. சனங்கள் அக்காலத்தில் அதனை விரும்பவில்லை. தென்னிந்தியப் படத்துக்குப் பழகிய கண்ணுக்கு அது படமாகவே தோன்றவில்லை. என் கண்ணும் அதே பழக்கத்தினதுதான். முதல் அரைமணி நேரம் பொறுமையோடு இருந்தேன் என்று சொல்லுதல் பொய். அதன்பின் படத்தை மறந்து வீதிகளைப் பார்க்கத் தொடங்கினேன். போருக்கு முந்திய யாழ்ப்பாணம். இடியாத சுவர்கள், ஓலை வேலி, அவசரமின்றிப் போகும் சைக்கிள்கள். பிரதி மங்கிப் போயிருந்தது; முகங்கள் சிலவிடங்களில் வெளிறிவிட்டன. மைத்துனரின் மகனுக்கு வயது இருபத்திரண்டு. “மாமா, இது உண்மையா யாழ்ப்பாணமோ?” என்று கேட்டான். கொழும்பிற் பிறந்து வளர்ந்த பிள்ளை. ஓம் என்றேன். அவன் படத்தை நிறுத்தி அந்த வீதியைச் சற்று நேரம் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை வந்தது. நானா சொன்னபடியே பெட்டிகளை இறக்கி வைத்திருந்தார். நாலாவது பெட்டியின் அடியிலே, உறையில்லாமல், ஒரு ஹார்மோனியத் தட்டுக்கும் ஏதோ நகைச்சுவைத் தட்டுக்கும் இடையில் அது இருந்தது. நடுத்தாளிலே பெயர் பாதி அழிந்திருந்தது, ‘தோடி’ அழியவில்லை. விளிம்பிலிருந்து உள்நோக்கி மயிரிழை போன்ற வெடிப்பு ஒன்று ஓடியிருந்தது.

“வெடிச்ச தட்டு மாஸ்டர். ஆயிரத்தைந்நூறு தாங்க” என்றார்.

பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் பெட்டி இல்லை என்பது நினைவுக்கு வந்தது. நானா சிரித்தார். கடையின் உட்புறத்திலே அவர் விற்பதற்கில்லாத பெட்டி ஒன்று இருந்தது. முறுக்கேற்றினார். தகரச் சிமிழைத் திறந்து புதிய ஊசி ஒன்றை எடுத்துச் செருகினார். நான் கைபேசியில் யாழ்ப்பாணத்துக்கு அழைத்தேன். அம்மாவுக்கு எண்பத்து நான்கு வயது, காது மந்தம். தங்கை கைபேசியை அவர் காதோடு வைத்துப் பிடித்தாள்.

ஊசி இறங்கியது. வெடிப்பைத் தாண்டும்போதெல்லாம் ‘டக்’ என்று ஒரு சத்தம், நிமிடத்துக்கு எழுபத்தெட்டு. அந்தச் சத்தத்தின் ஊடே நாதஸ்வரம் எழுந்தது. தோடியை எனக்கு விளக்கத் தெரியாது. காந்தாரத்தை அவர் அசைத்துப் பிடித்த இடத்தில் நானா கண்ணை மூடிக்கொண்டார். முடுக்கில் முச்சக்கர வண்டி ஒன்று ஓசை எழுப்பிப் போயிற்று. கடைவாசலிலே கடிகாரம் பார்க்க வந்த சிங்களத் தம்பதியர் உள்ளே வராமல் நின்றனர். மூன்று நிமிடம் என்பது நீண்ட காலம்.

தட்டு முடிந்தது. ஊசி உட்கீற்றிலே உரசிக்கொண்டிருந்தது. கைபேசியில் ஒரு சத்தமும் இல்லை.

“அம்மா, கேட்டதோ?”

“கேட்டது தம்பி. இது கொப்பற்ற தட்டு இல்லை. அதில துவக்கத்தில ஒரு இரைச்சல் இருக்கும்.”

நான் என்ன சொல்வது என்று அறியாமல் நின்றேன்.

“அங்க என்ன செய்யிறாய்? மற்றப் பக்கத்தைப் போடச் சொல்லு” என்றார் அம்மா.

நானா தட்டைப் புரட்டிவைத்து, ஊசியை மாற்றினார்.